ஆணா பெண்ணா: லெப்பர்ட் கெக்கோவில் எந்த அடையாளத்தை நம்புவது?

"ரெண்டும் பொண்ணுதான், தாராளமா ஒண்ணா வளர்க்கலாம்" என்று சொல்லித்தான் அந்த இரண்டு லெப்பர்ட் கெக்கோ குட்டிகளையும் கடையில் கொடுத்தார்கள். வீட்டில் தொட்டியில் வளர்க்கும் ஒரு பல்லி இனம் அது. அப்போது ஒவ்வொன்றும் எட்டு கிராம்கூட இருக்காது. ஒரே கண்ணாடித் தொட்டியில் விட்டேன். ஆறு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஏழாவது மாதத்தில் ஒரு நாள் காலையில் பார்த்தால், சின்னதின் பிடரியில் தோல் கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. பெரியதைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தபோதுதான், வால் தொடங்கும் இடத்தில் பட்டாணி போல இரண்டு புடைப்புகள் இருப்பதைக் கவனித்தேன். அன்றே பிரித்து வைத்தேன். ஆனாலும் மூன்று வாரத்தில் சின்னது இரண்டு முட்டை இட்டது. அப்புறம் இன்னும் இரண்டு முறை இட்டது. பெண் கெக்கோ விந்தை உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நாற்பது கிராமைக்கூடத் தொடாத உடம்பு அது. வாலில் இருந்த கொழுப்பெல்லாம் கரைந்து, பென்சில் மாதிரி ஆகிவிட்டது. பழைய நிலைக்கு வர எட்டு மாதம் பிடித்தது.

அதற்குப் பிறகுதான் ஆண் பெண் பார்ப்பதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். வளர்ப்பவர்களிடையே ஐந்தாறு முறைகள் சொல்லப்படுகின்றன: முட்டை பொரித்த சூட்டை வைத்துச் சொல்வது, தலையையும் உடம்பையும் பார்த்துச் சொல்வது, நடத்தையை வைத்துச் சொல்வது, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்ப்பது, வயிற்றுப் பக்கத்துத் துளைகளையும் புடைப்பையும் பார்ப்பது, வால் அடியை அழுத்திப் பார்ப்பது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சில முறைகள் உறுதி சொல்லும், சில வெறும் குறிப்பு கொடுக்கும், ஒன்று விலங்கையே காயப்படுத்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கெக்கோவைத் தனியாக வளர்ப்பவருக்கு இது அவசரமான கேள்வி அல்ல. அது ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் அதே தொட்டி, அதே சூடு, அதே பூச்சிதான். இரண்டை ஒன்றாக வைக்க நினைப்பவர், குட்டி எடுக்க நினைப்பவர், இன்ன பாலினம்தான் வேண்டும் என்று தேடி வாங்குபவர், இந்த மூன்று பேருக்குத்தான் எந்த முறையை நம்புவது என்ற முடிவு தேவைப்படுகிறது.

விற்பவர்கள் அதிகம் சொல்வது சூட்டுக் கணக்கு. "பெண் சூட்டில் பொரித்தது" என்று உறுதியாகச் சொல்வார்கள். இதற்குப் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. கிளி வளர்ப்பவர்கள் ஒரு இறகைப் பிடுங்கி டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பி ஆண் பெண் தெரிந்துகொள்கிறார்கள். லெப்பர்ட் கெக்கோவில் அது நடக்காது, ஏனென்றால் அதற்குப் பாலினத்தை முடிவு செய்யும் குரோமோசோம் இல்லை. முட்டை எந்த வெப்பத்தில் இருக்கிறது என்பதே கருவை ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்குகிறது. அதிலும் அடைகாலத்தின் நடுப்பகுதியில் இருக்கும் வெப்பம்தான் கணக்கு.

கணக்கு நேர்கோட்டிலும் போவதில்லை. 26 டிகிரி செல்சியஸில் வைத்தால் கிட்டத்தட்ட எல்லாமே பெண். சூடு ஏற ஏற ஆண்கள் கூடி, 32.5 டிகிரி வாக்கில் பெரும்பான்மை ஆணாகிவிடும். இன்னும் ஏற்றி 34 டிகிரிக்குக் கொண்டுபோனால் மறுபடியும் பெரும்பாலும் பெண்கள்தான் வரும். ஆகவே "சூடு கம்மியா வச்சா பெண், ஜாஸ்தியா வச்சா ஆண்" என்று சுருக்கமாகச் சொல்பவர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்.

இதில் வாங்குபவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முழுக்க ஆணாகவே பொரிக்கும் வெப்பம் என்று ஒன்று கிடையாது. ஆண்கள் அதிகம் வரும் வெப்பத்திலும் ஏறத்தாழ நாலில் ஒன்று பெண்ணாக வரும். எனவே "ஆண் சூட்டில் பொரித்தது" என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. "பெண் சூடு" என்பது இதைவிட நம்பகமானது. 26, 27 டிகிரியில் கடைசிவரை நிலையாக வைத்திருந்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் முட்டை பொரிக்க வைத்த அந்த இன்குபேட்டர் பெட்டியின் சூடு உண்மையிலேயே நிலையாக இருந்ததா? மின்சாரம் போய்ப் போய் வந்ததா? தெர்மோமீட்டர் முட்டைக்குப் பக்கத்தில் இருந்ததா, பெட்டியின் மூலையில் இருந்ததா? ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் இரண்டு டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். வெப்பநிலையைத் தினமும் குறித்து வைத்து, அந்தக் குறிப்பைக் காட்டுகிற பிரீடர் (தானே குட்டி எடுத்து விற்பவர்) சொன்னால் நான் பாதிக்கு மேல் நம்புவேன். பல கை மாறிக் கடைக்கு வந்த குட்டியைக் காட்டி யாராவது இதைச் சொன்னால், அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று கேட்பேன்.

உடம்பைப் பார்த்துச் சொல்வது அடுத்தது. வளர்ந்த ஆணுக்குத் தலை அகலம், கழுத்து தடிப்பு. எடையும் பொதுவாக 60 முதல் 80 கிராம் வரை போகும். பெண் பெரும்பாலும் 50 முதல் 70 கிராம். இந்த இரண்டு எண்களும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருப்பதைக் கவனியுங்கள். 65 கிராம் கெக்கோவைத் தராசில் வைத்துவிட்டு எதுவும் சொல்ல முடியாது. உடம்பையே பெரிதாக்குவதற்கென்று தேர்ந்தெடுத்து உருவாக்கிய வகைகளும் (மார்ஃப்) இருப்பதால் எடை இன்னும் குழப்பும். ஒரே வயது, ஒரே தீனி, ஒரே ஈட்டில் பொரித்த இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மட்டும் தலை அகலம் ஓரளவு பேசும். குட்டிகளில் இதைப் பார்ப்பது வீண் வேலை.

நடத்தை சுவாரசியமானது, ஆனால் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. பெண்ணின் வாசனை பட்டால் ஆண் தன் வால் நுனியைக் கிடுகிடுவென்று அதிரவிடும். தரையில் பட்டுச் சன்னமாகச் சத்தம்கூடக் கேட்கும். இன்னொரு ஆணைப் பார்த்தால் கால்களை நிமிர்த்தி, முதுகை உயர்த்தி, வாலை மெதுவாக ஆட்டிவிட்டுப் பாயும். இப்படி வால் அதிர்வதைப் பார்த்துவிட்டால் அது ஆண் என்று நினைக்க நல்ல காரணம் உண்டு. ஆனால் அதைப் பார்ப்பதற்காக இரண்டை ஒன்றாக விடுவது ஆபத்து. கெக்கோக்கள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது தோலில் இருக்கும் வேதிப்பொருளை வைத்து. தோல் உரித்துக்கொண்டிருக்கும் பெண்ணை ஆண், இன்னொரு ஆண் என்று நினைத்துத் தாக்குவது ஆய்வுகளிலேயே பதிவாகியிருக்கிறது. அவற்றுக்கே குழப்பம் வருகிற நேரம் உண்டு என்றால், அந்தச் சண்டையை வைத்து நாம் எப்படி முடிவுக்கு வருவது? முரட்டுத்தனமும் அடையாளமில்லை. அதிக வெப்பத்தில் பொரித்த பெண்கள் குறைந்த வெப்பத்தில் பொரித்த பெண்களைவிட மூர்க்கமாக இருக்கும்.

சரி, நான் நம்புவது எதை? வயிற்றுப் பக்கத்தை. அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது துளைகள். பின்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே, கழிவுத்துளைக்குச் சற்று முன்னால், ஆங்கில 'வி' எழுத்தை அகலமாக விரித்து வைத்தது போல ஒரு செதில் வரிசை இருக்கும். ஆணில் அந்தச் செதில்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசியால் குத்தியது போல ஒரு துளை. பத்துப் பன்னிரண்டு இருக்கும். வளர்ந்த ஆணில் அவற்றிலிருந்து மஞ்சளும் பழுப்புமாக மெழுகு போன்ற ஒன்று எட்டிப் பார்க்கும். தன் இடத்தை வாசனையால் குறித்துவைக்க அது பயன்படுகிறது. பெண்ணிலும் அதே வரிசை மங்கலாகத் தெரியும். லேசான பள்ளம் மாதிரி இருக்கும், ஆனால் திறந்த துளை இருக்காது, மெழுகும் இருக்காது. இந்த மங்கல் வரிசையைப் பார்த்து "வி இருக்கு, ஆண்தான்" என்று முடிவு கட்டியவர்கள் நிறைய.

இரண்டாவது புடைப்பு. ஆண் பல்லிகளுக்கும் பாம்புகளுக்கும் ஆண்குறி இரண்டு. இரண்டும் வாலின் அடியில், கழிவுத்துளைக்குப் பின்னால், உள்பக்கமாக மடிந்து கிடக்கும். அதனால்தான் அந்த இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருண்டைகள் தெரிகின்றன, நடுவில் ஒரு பள்ளத்தோடு. பெண்ணில் அந்த இடம் தட்டையாகவோ ஒரே சீரான லேசான மேடாகவோ இருக்கும். கொழுத்த வால் உள்ள பெண்ணில் இந்த மேடு கொஞ்சம் ஏமாற்றும். அப்போது நடுப்பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். துளையும் புடைப்பும் சேர்ந்து இருந்தால் ஆண், இனிச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லியிலும் இதைப் பார்க்கலாம். ராத்திரி ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே விளக்குப் பூச்சிக்காகக் காத்திருக்குமே, அப்போது உள்ளே நின்று அதன் வயிற்றைக் கவனியுங்கள். ஆணாக இருந்தால் இரண்டு தொடைகளின் அடியிலும் புள்ளி வைத்தது போலத் துளை வரிசை ஓடும், வால் அடி உப்பியிருக்கும். பெண்ணில், சில நேரம் வயிற்றுக்குள் இரண்டு வெள்ளை முட்டைகளே தெரியும். காசு செலவில்லாமல் கண்ணைப் பழக்கிக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

லெப்பர்ட் கெக்கோவின் விரல்களில் ஒட்டும் திண்டு கிடையாது, கண்ணாடியில் ஏறாது. ஆகவே நாம்தான் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அடிப்பக்கம் தெளிவாகத் தெரியும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அதை விடுங்கள். டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கி, கீழிருந்து போனில் படம் எடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால் புடைப்பின் நிழல் நன்றாக வரும். மல்லாக்கப் படுக்கவைப்பதோ வாலைப் பிடிப்பதோ வேண்டாம். பயந்தால் வாலை உதிர்த்துவிடும். திரும்ப முளைக்கும்தான், ஆனால் பழைய அழகு வராது, வாலில் சேர்த்து வைத்த கொழுப்பும் போச்சு.

எப்போது பார்ப்பது என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன, எனக்கு நடந்ததும் அதுதான். பொரித்த குட்டி 3 கிராம் வாக்கில் இருக்கும். அதில் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. மூன்று நான்கு மாதத்தில், 15, 20 கிராம் தாண்டும்போது ஆணின் துளைகள் மெல்லத் திறக்கத் தொடங்கும். ஆறு மாதத்துக்கு மேல்தான் புடைப்பு நிச்சயமாகத் தெரியும். சிலது இன்னும் தாமதமாகும். ஆகவே சின்ன வயதில் கிடைக்கும் இரண்டு பதில்களுக்கும் ஒரே மதிப்பு இல்லை. திறந்த துளையைப் பார்த்துவிட்டால் ஆண், முடிந்தது. துளை தெரியவில்லை என்றால், அது பெண் என்று அர்த்தமில்லை, இன்னும் தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். என் கடைக்காரர் எட்டு கிராம் குட்டிகளில் எதையும் காணாமல் "ரெண்டும் பொண்ணு" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததாக எடுத்துக்கொண்டார்.

பெண்தான் என்பதற்கு நேரடியான சான்றும் உண்டு. வளர்ந்த பெண்ணுக்குப் பருவத்தில், ஆணே இல்லாவிட்டாலும், கருமுட்டைகள் திரளும். வயிற்றின் தோல் மெல்லியது என்பதால் இரண்டு பக்கமும் வெளிர்சிவப்பு வட்டங்களாக அவை நிழலாடும். கால்நடை மருத்துவரிடம் அல்ட்ராசவுண்டு பார்த்தால் இன்னும் தெளிவு. ஆனால் இதற்காக மட்டும் மருத்துவரிடம் போக வேண்டிய அவசியம் அநேகமாக வராது. அந்த வயதுக்குள் துளையும் புடைப்பும் பதில் சொல்லியிருக்கும்.

உருப்பெருக்கிக் கண்ணாடி, காத்திருக்க முடியாதவர்களின் முறை. நகை ஆசாரி கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்ப்பாரே, அந்த மாதிரி லூப்தான். லெப்பர்டில் ஒரு மாதம் இரண்டு மாதம் முன்கூட்டியே துளையைக் கண்டுபிடிக்க உதவும், அவ்வளவே. இது உண்மையாகவே கைகொடுப்பது கிரெஸ்டட் கெக்கோவில். பசிபிக் கடலில் இருக்கும் நியூ கலிடோனியாவிலிருந்து வந்த பல்லி இனம் அது. அழிந்துபோனதாகவே நினைத்திருந்தார்கள், 1994இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. இன்று லெப்பர்டுக்கு அடுத்தபடியாகப் பல நாடுகளில் வீடுகளில் வளர்கிறது. அதில் ஆணின் வால் அடிப் புடைப்பு வளர்ந்தபின் சந்தேகத்துக்கே இடமில்லாமல் பெரிதாகத் தொங்கும். ஆனால் அது வர ஒன்பது மாதம், ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை 30 அல்லது 60 மடங்கு லூப் வைத்து, கழிவுத்துளைக்கு மேலே உள்ள செதில்களின் நடுவில் புள்ளி இருக்கிறதா என்று தேடுவார்கள். பழகிய கண்ணுக்கு நாலைந்து கிராமிலேயே தெரிந்துவிடும். பழகாத கண்ணுக்குச் செதில் ஓரத்து நிழலெல்லாம் துளையாகத் தெரியும். எனக்கு முதல் ஐந்தாறு குட்டிகளில் அப்படித்தான் ஆனது.

கிரெஸ்டடில் இன்னொரு ஏமாற்று, கழிவுத்துளைக்குப் பக்கத்தில் இருக்கும் முள் போன்ற செதில். ஆணில் பெரிதாக இருக்கும், சரி, ஆனால் பெண்ணிலும் இருக்கும். அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கையாளும்போதும் கூடுதல் கவனம் வேண்டும். கிரெஸ்டட் வாலை உதிர்த்தால் திரும்ப முளைக்கவே முளைக்காது.

வால் அடியை விரலால் அழுத்தி உறுப்பை வெளியே தள்ளிப் பார்ப்பது, மழுங்கிய கம்பியை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பது, இந்த இரண்டும் பாம்பு வளர்ப்பவர்களிடமிருந்து வந்தவை. பாம்பில் தேர்ந்த கைகள் செய்கிற வேலை அது. இருபது கிராம் பல்லியில் செய்தால் உள்ளே காயம் படும், வால் போகும். இரண்டு மாதம் பொறுத்தால் கண்ணாலேயே தெரியப்போகும் ஒன்றுக்காக அந்தச் சின்ன உடம்பை நசுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. இதைச் செய்து காட்டுகிறேன் என்று யாராவது உங்கள் கெக்கோவைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆக, என் தேர்வு இப்படி. லெப்பர்ட் கெக்கோ என்றால் மாதம் ஒரு முறை டப்பாவில் விட்டுக் கீழிருந்து படம் எடுங்கள், பக்கத்திலேயே எடையையும் எழுதி வையுங்கள். ஒரே படத்தில் தெரியாதது, நாலு மாதப் படங்களை வரிசையாக வைத்தால் தெரியும். கிரெஸ்டட் என்றால் லூப் வாங்குங்கள். ஆனால் முதலில் ஆண், பெண் என்று தெரிந்த பெரியவற்றில் பழகிவிட்டுக் குட்டிக்குப் போங்கள். சூட்டுக் கணக்கை ஒரு துணைத் தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தெரியும்வரை ஒவ்வொன்றும் தனித் தொட்டியில் இருக்கட்டும். இரண்டு ஆண் என்றால் சண்டை நிச்சயம். ஆணும் பெண்ணும் என்றால் பெண்ணுக்கு ஓய்வே இருக்காது. இரண்டு பெண் என்றால்கூட ஒன்று மற்றொன்றைச் சூடான இடத்திலிருந்தும் தீனியிலிருந்தும் விரட்டும். தெரிந்தபிறகும் என் கெக்கோக்கள் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. அவற்றுக்குக் கூட்டு வேண்டும் என்பது நம் மனசு நினைப்பது.

எதை வாங்குவது, ஆணையா பெண்ணையா என்று கேட்பவர்களுக்கு: குட்டி எடுக்கும் எண்ணம் இல்லாத, முதல் முறை வளர்ப்பவருக்கு நான் ஆணைத்தான் சொல்வேன். பெண் ஆண் துணை இல்லாமலேயே முட்டை இடலாம். முட்டை திரளும் வாரங்களில் தீனியைத் தொடாமல் கிடந்து நம்மைப் பயமுறுத்தும். ஈரமான மண் வைத்த பெட்டி, தவறாத கால்சியம், முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் மருத்துவரிடம் ஓட்டம் என்று வேலை கூடுதல். ஆணுக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. வால் அடியில் சுரப்பும் உரிந்த தோலும் காய்ந்து அடைத்துக்கொள்ளும், எப்போதாவது உறுப்பு வெளியே வந்து உள்ளே போகாமல் நிற்கும். ஆனால் தோல் உரிக்கும் நேரத்தில் ஈரப்பதம் சரியாக இருந்து, நாமும் அவ்வப்போது அடிப்பக்கத்தைப் பார்த்து வந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இந்தக் கேள்வியே வேண்டாம் என்பவர்களுக்கு மோர்னிங் கெக்கோ என்று ஓர் இனம் இருக்கிறது. இலங்கையிலும் பசிபிக் தீவுகளிலும் காணப்படும், விரல் நீளச் சிறு பல்லி. கிட்டத்தட்ட எல்லாமே பெண்கள், ஆண் இல்லாமலேயே இனம் பெருக்குகின்றன. ஒன்று வாங்கினாலும் கொஞ்ச நாளில் நாலாகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

வாங்கப் போகும்போது விற்பவரிடம் பேரம் பேசுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் கேளுங்கள்: குட்டியின் இன்றைய எடை, வயிற்றுப் பக்கத்தின் தெளிவான படம். முப்பது கிராமுக்கு மேல் இருந்து, படத்தில் துளையும் புடைப்பும் தெரிந்தால், ஆண் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். எட்டு கிராம் குட்டியைக் காட்டி "பொண்ணுதான்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார், "இப்ப தெரியாது, ஆறு மாசம் ஆகட்டும்" என்று இன்னொருவர் சொல்கிறார் என்றால், விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நான் இரண்டாமவரிடம்தான் வாங்குவேன்.